கவாத்து நாளில் தொடங்கும் நோய்க் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குச் சீசன் என்று ஒன்று கிடையாது. மகாராஷ்டிரத்தில் ஜனவரி வாக்கில் அறுவடை தொடங்கி ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். இங்கேயோ சுருளிப்பட்டியில் ஒருவர் பழம் வெட்டிக்கொண்டிருக்கும் நாளில் காமயகவுண்டன்பட்டியில் இன்னொருவர் கவாத்து செய்துகொண்டிருப்பார். ஆனைமலையன்பட்டியில் ஒரு பந்தல் பூத்துக் கிடக்கும். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எடுத்துச் சொல்லப்பட்ட சிறப்புகளில் ஆண்டு முழுக்கப் பழம் கிடைக்கும் என்பதும் ஒன்று. நோய்க்கும் அதுவே வசதியாகிவிட்டது. எங்காவது ஒரு பந்தலில் இளந்துளிர் நின்றுகொண்டே இருக்கிறது. பூசணத்துக்குப் பட்டினி நாளே இல்லை.

ஆகையால் ஜூனில் இந்த மருந்து, அக்டோபரில் அந்த மருந்து என்று மாதவாரியாகப் பட்டியல் போடும் கையேடுகள் நம் பக்கத்துக்குப் பாதிதான் உதவும். கவாத்து நாளிலிருந்து எண்ணினால் கொடிக்கு இன்று எத்தனையாவது நாள், அந்த நாளில் வானம் எப்படி இருக்கும்: இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு மருந்துச் செலவு தானாகக் குறையும். எந்த மருந்து நல்லது என்று கடையில் கேட்பதற்கு முன்னால், எந்த வாரம் கத்தரியைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

கொடியின் நாள் கணக்கு

பன்னீர் ரகத்தில் கவாத்து முடிந்து ஏறக்குறைய 10 முதல் 15 நாளில் கண் விழிக்கும். 35 முதல் 40 நாளுக்குள் பூக்கும். 55, 60ஆம் நாளில் பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரும். 80 நாளைத் தாண்டியதும் நிறம் ஏறத் தொடங்கும். 115 முதல் 125 நாளில் வெட்டு. பனியும் மேகமூட்டமும் சேர்ந்தால் சில நாள் தள்ளிப்போகும். வெயில் காய்ந்தால் முந்தும்.

இதில் உயிர்நிலையான காலம், துளிர் விரல் நீளம் வந்த நாளிலிருந்து பிஞ்சு பட்டாணி அளவைத் தொடும்வரை உள்ள ஐந்தாறு வாரம். அடிச்சாம்பல் நோய்ப் பூசணம் இலையிலும் பிஞ்சிலும் இருக்கும் நுண்ணிய சுவாசத் துளைகள் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. பிஞ்சு பெருத்ததும் அந்தத் துளைகள் செயலிழந்துவிடும். அதன்பின் காம்பு வழியாக நுழைந்தால்தான் உண்டு. பூவிலோ இளம்பிஞ்சிலோ விழுந்தால் கொத்தே பழுப்பேறிக் கருகிக் கொட்டிவிடும். அறுபதாம் நாளுக்குப் பிறகு மழை பெய்தால் இலை போகலாம், பழம் வெடிக்கலாம். முப்பத்தைந்தாம் நாளில் நான்கு நாள் விடாமல் பெய்தால் அந்தப் போகமே போய்விடும். கவாத்து நாளைக் குறிக்கும்போதே அதிலிருந்து 25ஆம் நாளையும் 60ஆம் நாளையும் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பருவங்கள் இரண்டு. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல், மே மாதங்களில் வெட்டுவது கோடைப் போகம். மே, ஜூனில் கவாத்து செய்து ஆகஸ்ட், செப்டம்பரில் வெட்டுவது மழைப் போகம். இரண்டு ஆண்டில் ஐந்து போகம் எடுக்கும் நம் வழக்கத்தில் இவை இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் நுழைகிறது: ஆவணி, புரட்டாசியில் கவாத்து, மார்கழி, தையில் வெட்டு.

மார்கழியில் கவாத்து செய்தால் தை கடைசி, மாசியில் பூக்கும். ஆண்டிலேயே வறண்ட நாட்கள் அவை. அடிச்சாம்பலுக்கு இடமில்லை, சாம்பல் நோய், இலைப்பேன், மாவுப்பூச்சி மூன்றையும் கவனித்தால் போதும். வைகாசிக் கவாத்தில் ஆனிச் சாரல் நேரே துளிரின் மேல் விழும். கூடலூர், லோயர் கேம்ப் பக்கத்துப் பந்தல்களுக்கு இது அதிகம். சின்னமனூரை நெருங்க நெருங்கக் குறையும். புரட்டாசிக் கவாத்தில் பூ ஐப்பசி அடைமழையில் மாட்டிக்கொள்ளும். இதைவிட மோசமான நேரத்தை வேண்டுமென்றே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஏன் புரட்டாசியில் கவாத்து செய்கிறார்கள் என்றால், விலைதான். கோடைப் போகம் சந்தைக்கு வரும் வேளையில் வடக்கிலிருந்து விதையில்லாத் திராட்சை லாரி லாரியாக இறங்கியிருக்கும். மழைக்குப் பின் வெட்டும் பழத்துக்குப் போட்டி இல்லை. நோய்க்குப் பாதுகாப்பான தேதியும் விலைக்கு ஏற்ற தேதியும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. இந்த முடிச்சை எந்த மருந்துக் கம்பெனியாலும் அவிழ்க்க முடியாது. என் யோசனை இதுதான்: தோட்டம் முழுவதையும் புரட்டாசியில் கவாத்து செய்துவிடாதீர்கள். ஒரு பகுதியை மட்டும் அந்தச் சூதாட்டத்துக்கு விடுங்கள். அதையும் ஆவணி முதல் வாரத்துக்கு முன்னே இழுத்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே பிஞ்சு பட்டாணி அளவைத் தொட்டுவிட வாய்ப்பு உண்டு. பத்து நாள் முந்துவது, பத்து முறை மருந்து அடிப்பதைவிட உருப்படியான வேலை.

பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசிவைப்பதும் இதில் சேரும். தென்மேற்குக் காற்று கூடலூர்ப் பக்கமிருந்து பள்ளத்தாக்கில் இறங்குகிறது. காற்று வரும் பக்கத்தில் பழம் வெட்டி முடித்து, நோய் இலையோடு கவனிப்பாரற்று நிற்கும் பந்தல் ஒன்று இருந்தால் உங்கள் துளிருக்கு விதை போடுவது அதுதான். ஒரே வாய்க்காலில் பாயும் நாலைந்து தோட்டத்துக்காரர்கள் ஒரு வாரத்துக்குள் கவாத்தை முடித்துக்கொண்டால் எல்லாருக்கும் லாபம். சொல்வது எளிது, கவாத்து ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதும் தெரிந்ததே.

பந்தலுக்குள் காற்று

பள்ளத்தாக்கின் ஈரம் மழையால் மட்டும் வருவதில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்ததும் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலில் தண்ணீர் நிற்கிறது. வயலை ஒட்டிய பந்தலில் காலை ஈரம் காய நேரமாகும். அதை மாற்ற முடியாது. பந்தலுக்குள் இருக்கும் ஈரத்தைக் குறைக்க முடியும்.

பந்தலின் கீழே நின்று மேலே பாருங்கள். நடுப்பகலில் தரையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தால் சரி. இருட்டிக் கிடந்தால் இலை அதிகம். பன்னீருக்கு நான்கு கண் விட்டு வெட்டுவது பொதுச் சிபாரிசு. மெலிந்த, முற்றாத கொடியை ஒன்றிரண்டு கண்ணில் நிறுத்த வேண்டும். துளிர் 12 முதல் 15 கணு வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். பக்கக் கிளையையும் பற்றுக்கம்பியையும் எடுத்துவிட்டு, கொத்துகளைக் கம்பிக்குக் கீழே தொங்கும்படி இழுத்துவிட வேண்டும். நெருக்கமான கொத்தில் பட்டாணிப் பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு காயை உதிர்த்துவிட்டால் நடுவில் காற்று புகும், பின்னால் அழுகலும் குறையும். இந்த வேலைகளுக்கு ஆள்கூலி ஏறியதால் பலர் பாதியை விட்டுவிட்டு அந்தப் பணத்தை மருந்தில் போடுகிறார்கள். இலைக்கூட்டத்துக்குள் புகாத மருந்து எத்தனை டேங்க் அடித்தாலும் வீண்.

யூரியாவில் கை தாராளமாக இருந்தாலும் இதே கதைதான். துளிர் கருகருவென்று வளரும், இலை மெத்தென்று இருக்கும், பூசணத்துக்கு நுழைவது சுலபம்.

அடிச்சாம்பல்

இலை பழுத்துச் சிவந்து உதிர்ந்தால் எல்லாவற்றையும் செவட்டை என்று சொல்லிவிட்டு ஒரே மருந்தைக் கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அடிச்சாம்பல், பறவைக்கண் நோய், துரு மூன்றிலும் இலை உதிரும். மூன்றுக்கும் வேளையும் வைத்தியமும் வேறு.

அடிச்சாம்பலின் முதல் அடையாளம் இலையின் மேல்புறத்தில் எண்ணெய் சிந்தியதுபோல் மங்கிய மஞ்சள் வட்டம். அடியில் அதே இடத்தில் வெள்ளைப் பூஞ்சணம். பகலில் காற்று வறண்டிருந்தால் அடிப்புறம் சுத்தமாகத் தெரியும். அதனால் ஏமாந்துவிடுவது உண்டு. சந்தேகமான இலைகள் நாலைந்தைப் பறித்து, நனைத்துப் பிழிந்த செய்தித்தாளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, இரவு முழுக்க வீட்டுக்குள் இருட்டான இடத்தில் வையுங்கள். அடிச்சாம்பலாக இருந்தால் விடிந்து பையைப் பிரிக்கும்போது எண்ணெய்ப் பொட்டின் அடியில் பஞ்சுபோல் வெள்ளை எழும்பியிருக்கும். எழும்பவில்லை என்றால் உரக்குறையோ வேறு நோயோ. பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் விலை உயர்ந்த மருந்தை வாங்காதீர்கள்.

இந்தப் பூசணம் வித்து விடுவது இரவில், காற்றில் ஈரம் நிறைந்து நிற்கும்போது. விடியலில் இலை நனைந்திருக்கையில் அந்த வித்து துளைவழி நுழைகிறது. 18 முதல் 25 டிகிரி வெப்பம் அதற்குச் சுகம். நம் பள்ளத்தாக்கில் மழைக்கால இரவு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் துளிர் 10 செ.மீ., மழை 10 மி.மீ., வெப்பம் 10 டிகிரி என்று மூன்று பத்து சேரும் நாளை எச்சரிக்கை நாளாகக் கொள்வார்கள். நமக்கு மூன்றாவது பத்து எப்போதும் உண்டு. எனவே துளிரும் மழையும் சேர்ந்தாலே போதும், தெளிக்க வேண்டும்.

தெளிப்பது மழைக்கு முன்னால். போர்டோ கலவை இலையின் மேல் படிந்து காவல் காக்கும் மருந்து. உள்ளே போய்விட்ட பூசணத்தை அதனால் துரத்த முடியாது. மழை வெறித்தபின் அடிப்பவர், வரப்போகும் அடுத்த மழைக்குத்தான் அடிக்கிறார். கைப்பேசியில் மேகதூத் செயலியைப் போட்டு வைத்துக்கொண்டு, மழை வரும் என்று தெரிந்தால் அதற்கு முந்தின நாளே டேங்கைத் தயார் செய்யுங்கள். இலை காய்ந்து, மருந்து படிந்து உலர இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும்.

போர்டோ கலவையின் பிறப்பே திராட்சைத் தோட்டத்தில்தான். பிரான்சின் போர்டோ பக்கத்தில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிரவில்லை என்பதை 1882இல் மியார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885இல் செய்முறை வெளியானது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ மருந்துகளுக்குப் பூசணம் பழகிப்போய்விட்டது, இதற்குப் பழகவில்லை.

ஒரு சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மயில்துத்தத்தைப் பொடித்துத் துணியில் கட்டி, 50 லிட்டர் தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் பீப்பாயில் முந்தின இரவே தொங்கவிட்டால் காலையில் கரைந்திருக்கும். சுண்ணாம்பைத் தனியே நீற்றி, ஆறவிட்டு, வடிகட்டி, இன்னொரு 50 லிட்டரில் கரையுங்கள். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். தலைகீழாகச் செய்தால் கலவை திரிந்து சீக்கிரம் அடியில் தங்கிவிடும். வானநீலத்தில் கொழகொழவென்று வந்தால் சரி. துருப்பிடிக்காமல் தீட்டிய அரிவாள் நுனியை அதில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, துளிர் கருகும்; படியாமல் வரும்வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். வேறு எந்தப் பூச்சிமருந்தையும் இதோடு கலக்கக் கூடாது. கூலி மிச்சம் என்று கலந்து இலையைக் கருக்கிய தோட்டங்கள் உண்டு.

கலவைக்கு நேரமில்லை என்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம். பூ விரிந்திருக்கும் வாரத்தில் செம்பு மருந்தைத் தவிர்த்து மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் அடிக்கலாம். மெட்டலாக்சில் போன்ற ஊடுருவும் மருந்துகளைப் பூவுக்கு முன்னும் பின்னுமாக, ஒரு போகத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொடாதீர்கள். நோய் கொழுந்துவிட்டு எரியும்போது இவற்றை வாராவாரம் அடித்தால், தப்பிப் பிழைக்கும் பூசணம் அடுத்த போகத்தில் அந்த மருந்தைச் சட்டை செய்யாது. அசாக்சிஸ்ட்ரோபின் வகைக்கும் இதே எச்சரிக்கை. கடையில் பெயர் மாற்றித் தருவது மாற்று மருந்து ஆகாது. டப்பாவில் அச்சிட்டிருக்கும் மருந்துச் சத்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். இரண்டு கம்பெனி டப்பாவில் ஒரே சரக்கு இருக்கும்.

பந்தல் முறையில் நமக்கு ஒரு வசதி: ஆள் கீழே நின்று மேல்நோக்கி அடிப்பதால் மருந்து நேராக இலையின் அடிப்புறத்தில் படும். அடிச்சாம்பல் நுழைவதும் அங்கேதான்.

சாம்பல் நோய்

பெயரில் மட்டும்தான் உறவு; குணம் நேரெதிர். இதற்கு இலை நனைய வேண்டியதில்லை. மழை பெய்யாமல் நாலைந்து நாள் மேகம் மூடிக்கொண்டு, காற்று ஈரமாகப் புழுங்கினால் வரும். நல்ல மழை இதைக் கழுவிவிடும், நல்ல வெயில் அடக்கிவிடும். இலையின் மேலும் பிஞ்சின் மேலும் திருநீறு தூவியதுபோல் படிந்து, பிஞ்சுத் தோல் இறுகி, காய் பெருக்கும்போது வெடித்து விதை வெளியே தெரியும்.

இதற்குக் கந்தகமே போதும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். அல்லது கந்தகத் தூள் ஏக்கருக்கு 2.5 முதல் 5 கிலோ, காலை வேளையில். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் சித்திரை நாட்களில் கந்தகம் இலையையும் காயையும் சுட்டுவிடும். வேப்பெண்ணெய் அல்லது வேறு எண்ணெய் மருந்து அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம். மார்கழிக் கவாத்துப் பந்தல்களில் கண் விழித்த பத்தாம் நாளிலிருந்தே இதைத் தொடங்கிவிடலாம். நோய் தெரியட்டும் என்று காத்திருந்தால் பிஞ்சு கெட்ட பிறகுதான் தெரியும்.

பறவைக்கண் நோய்

கோடை மழையும் ஆனிச் சாரலும் துளிரில் பட்டால் வரும். இலையில் சிறு பழுப்புப் பொட்டு, நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டை. இளங்கொடியில் குழிந்த கரும்புண். காயில் நடுவே சாம்பல், சுற்றிலும் கருவிளிம்பு. கொடியில் இருக்கும் புண்தான் அடுத்த போகத்துக்கு வித்து. மழைத்துளி தெறித்துத் தெறித்துப் பரவுகிறது. கவாத்துக் கழிவை வரப்பில் குவித்து வைக்காமல் அன்றே அப்புறப்படுத்தி எரிக்க வேண்டும். கவாத்து முடிந்ததும் தண்டு, கொடி, வெட்டுவாய் எல்லாம் நனைய ஒரு முறை போர்டோ, மூன்றாவது இலை விரிந்ததும் இன்னொரு முறை. மற்ற செம்பு மருந்துத் தெளிப்புகளே இதற்கும் காவல்.

பூச்சிகள்

கவாத்துக்குப் பின் முதல் இரண்டு வாரம் வரும் எதிரி, செம்பழுப்பாக மினுங்கும் சிறு வண்டு. இரவில் வெளிவந்து, விரியும் கண்ணைச் சுரண்டித் தின்னும். தின்ற கண்ணிலிருந்து கொத்து வராது. பகலில் உரிந்த பட்டைக்குள்ளும் மண்ணிலும் ஒளிந்துகொள்ளும், முட்டையும் பட்டைக்குள்ளேதான். கவாத்தின்போதே தளர்ந்த பட்டையை உரித்து எரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விடியலில் கொடியைத் தட்டினால் பொத்தென்று விழும்; மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டைக் கீழே பிடித்துக் கொன்றுவிடலாம்.

இலைப்பேன் பூவிலும் இளம்பிஞ்சிலும் சுரண்டுவதால் பழத்தோலில் சொரசொரப்பான தழும்பு விழும். வெள்ளைத் தாளைப் பூங்கொத்தின் கீழே பிடித்துத் தட்டிப் பார்த்தால் ஓடுவது தெரியும். வறண்ட மாதங்களில்தான் தொல்லை.

மாவுப்பூச்சி நின்று பேச வேண்டிய விஷயம். மழையில் அடங்கிக் கிடந்து, வெயில் ஏற ஏறப் பெருகி, காயில் இனிப்பு ஏறும் நேரத்தில் தண்டிலிருந்து கொத்துக்குள் இறங்கிவிடும். மெழுகுப் போர்வைக்குள் மருந்து எட்டாது. வெட்டும் நாள் நெருங்கிவிட்டதால் கடும் மருந்து அடிக்கவும் கூடாது. தண்டில் எறும்பு சாரை போவதைக் கண்டால் அங்கேயே பட்டையை உரித்துப் பாருங்கள். எறும்பைத் தடுத்தால் மாவுப்பூச்சிக்குக் காவல்காரன் இல்லை. அதன்பின் பொறிவண்டு தன் வேலையைப் பார்க்கும். கிரிப்டோலேமஸ் என்ற அந்தப் பொறிவண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் காப்பிச் செதிள்பூச்சியை ஒழிக்க இந்தியாவுக்கு வந்தது. கொடிக்கு 10 வண்டு என்பது சிபாரிசு. 3க்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 670 கொடி வரும். எல்லாவற்றுக்கும் வாங்கி விட முடியாது. பூச்சி கண்ட கொடிகளில் மட்டும் துணி கட்டி அடையாளம் வைத்து அங்கே விட்டால் போதும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: இந்த வண்டின் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தி, பெரிய மாவுப்பூச்சிபோலவே இருக்கும். சுறுசுறுப்பாக ஓடினால் அது நம் ஆள். நசுக்கிவிடாதீர்கள்.

பழைய சிபாரிசுத் தாள்களில் மாவுப்பூச்சிக்கு டைக்குளோர்வாஸ் என்று இருக்கும். 2020 டிசம்பர் 31 முதல் அது நாடு முழுக்கத் தடை. யாராவது பழைய டப்பாவை எடுத்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

நிறம் ஏறிய பின்

இந்தக் கட்டத்தில் மழை வந்தால் நோயைவிட வெடிப்புதான் பயம். காய்ந்த மண்ணில் திடீரென்று மழை கொட்டினால் பழம் நீரை உறிஞ்சித் தோல் பிளக்கும்; வெடித்ததில் ஈ மொய்க்கும், புளிக்கும், பக்கத்துப் பழமும் அழுகும். நிறம் ஏறும் பருவத்தில் ஒரு வாரம் காயப்போட்டு அடுத்த வாரம் தேக்கிப் பாய்ச்சும் பழக்கத்தை விட்டுச் சீராகச் சொட்டுநீர் கொடுத்தால் வெடிப்பு குறையும். வெடித்த பழத்தைக் கத்தரியால் அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை இனி டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள்தான் சட்டம். போர்டோ நீலம் படிந்த பழத்தை வியாபாரி கழித்துத்தான் எடுப்பார். அது கிடக்கட்டும், பன்னீர் திராட்சையைத் தோலோடு தின்பவர்கள் குழந்தைகள். சந்தையில் திடீரென்று விலை ஏறிவிட்டது என்று அடித்த மூன்றாம் நாள் வெட்டுவது நடக்கிறது, நடக்கக் கூடாது.

பழம் வெட்டிய பந்தலை அடுத்த கவாத்துவரை அப்படியே விட்டுவிடுவதும் பெரும் தவறு. கார்த்திகை, மார்கழியில் இலையின் அடியில் மஞ்சள்கலந்த செம்பொடி தட்டுப்பட்டால் துரு நோய். தொட்டால் விரலில் ஒட்டும். அறுவடைதான் முடிந்துவிட்டதே என்று விட்டால் இலை முழுக்க உதிர்ந்துவிடும். அடுத்த போகத்துக்குக் கொடியில் சத்துச் சேர்ப்பது அந்த இலைதான். வெட்டு முடிந்த வாரமே ஒரு போர்டோ அடித்து, கீழே விழுந்த இலையையும் அழுகிய கொத்தையும் கூட்டி எடுத்துவிடுங்கள். வேரில் முடிச்சு தெரிந்தால் நூற்புழு. அடுத்த கவாத்தோடு தொழுவுரம் வைக்கும்போது சூடோமோனாஸைக் கலந்து வேரடியில் இட வேண்டும். ராயப்பன்பட்டியை அடுத்த ஆனைமலையன்பட்டியில் இருக்கும் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு இலையையோ வேரையோ எடுத்துக்கொண்டு போவதென்றால் அன்று காலை பறித்ததாக, ஈரச் சாக்கில் சுற்றி, கவாத்து செய்த தேதியையும் கடைசியாக அடித்த மருந்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.